முந்திரியைப் பொறுக்கினால் போதுமா?

என் ஐந்து வயது மகள் யாழினிக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. சாப்பாட்டுக் கடைகளில் "பாஸ், இதுல முந்திரி போட்டிருக்கா?" என்று கேட்டுக் கேட்டு நச்சரிப்பவள் நான். கோயிலில் மட்டும் வாய் திறக்க மாட்டேன். பிரசாதத்தைப் போய் விசாரிப்பதா என்ற தயக்கம்.

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. கண்ணில் பட்ட முந்திரியை எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு இரண்டு வாய் ஊட்டினேன். முந்திரி வறுத்த நெய்யைப் பொங்கல் முழுவதும்தானே ஊற்றியிருப்பார்கள்? அது என் புத்திக்கு எட்டவில்லை.

"அம்மா, தொண்ட ஒரு மாதிரி இருக்கு" என்றாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. ஒவ்வாமைக்கு மருத்துவர் கொடுத்திருந்த அவசர ஊசி கைப்பையில் இருந்தது, கைப்பையோ காரில்! கணவர் செருப்புகூடப் போடாமல் ஓடி எடுத்து வந்தார். தொடையில் ஊசியைப் போட்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். மறுநாள் காலை அவள் ரொட்டி சானாய் கேட்டு அடம்பிடித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது ஊசி இருக்கும் கைப்பை என் தோளைவிட்டு இறங்குவதில்லை. போன வாரம் அதே கோயிலில், பிரசாதம் கொடுத்த அக்காவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இத சொல்றதுக்கு என்னம்மா கூச்சம்? சாமியா கோவிச்சுக்கப் போவுது?" என்றவர், ஒரு வாழைப்பழத்தை எடுத்து யாழினியின் கையில் வைத்தார்.