விரலை எடுக்காமல் செய்த ஜெபம்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. மைக்கைக் கண்டாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கண்டி மஹய்யாவயில் குழாய் பொருத்தும் வேலை செய்கிறவன் நான். அதனால் என் சாட்சியை எழுதித் தருகிறேன். ஆண்டவர் என் கோபத்தை எடுத்துப்போட்டார் என்று சொல்ல நான் வரவில்லை. அது இன்னும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அவர் எனக்கு உதவி செய்தார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கண்டிப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த அந்த வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாதி நெருப்பு போனில் வந்தது. தங்கள் கண்ணால் பார்க்காததைப் பார்த்தது போல எழுதி அனுப்பினார்கள். வாங்கியவர்கள் யோசிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளினார்கள். அந்த விரல்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

திங்கட்கிழமை பின்னேரம், ஊரடங்குக்குச் சற்று முன், நிசாம் நானா தன் மனைவியோடும் இரண்டு மகள்மாரோடும் என் வீட்டு வாசலில் நின்றார். குண்டசாலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன். பதினைந்து வருடமாக அவரிடம்தான் குழாய் வாங்குகிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினேன். அலுமாரியை நகர்த்தி ஜன்னலை மறைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில், ஊரடங்கையும் மதிக்காமல், மேலே ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் கும்பலாகப் போகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே புகுந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. நம் ஜெபக் குழுவை நடத்தும் ரோஸ்லின் அக்காவுக்கு மட்டும் போன் எடுத்து விஷயத்தைச் சொல்லி, "ஜெபிங்கக்கா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் என் போனில் ரோஸ்லின் அக்காவின் குரல் பதிவு வந்தது. எல்லோரும் இருக்கும்போதே அமுக்கிவிட்டேன்.

"பிரியமானவங்களே, அவசர ஜெபக் குறிப்பு. மஹய்யாவ செல்வராஜ் பிரதர் வீட்டுல, படிக்கட்டுக்குக் கீழ மூணாவது வீடு, குண்டசாலை ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் குடும்பம் ஒளிஞ்சிருக்காங்க. அவங்க பாதுகாப்புக்காக ஜெபிங்க."

அது முழு வாட்ஸ்அப் குழுவுக்கும் போயிருந்தது. நூறு பேருக்கு மேல். எப்போதோ ஒருநாள் ஜெபத்துக்கு வந்து போனவர்களின் நம்பர்கூட அதில் இருக்கிறது. பேர் சொல்லி, ஊர் சொல்லி, வீடு சொல்லி ஜெபிப்பது நம் வழக்கம். நோயாளிக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் நம்பர்கூடச் சொல்வோம். அந்த வழக்கம் அன்றைக்கு நாலு உயிர்களைத் தெருவில் கொண்டுபோய் வைத்தது. அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. ஆமென், ஆமென் என்று. ஒருவருக்காவது உறைக்கவில்லை!

நிசாம் நானாவின் மனைவி மகள்களை இழுத்து அணைத்துக்கொண்டார். நானா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏன் செல்வா, வீட்டு நம்பர் சொல்லாட்டி ஒங்கட ஆண்டவருக்கு எடம் தெரியாதா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேரில் நான் பூனை. குரல் பதிவில் புலி. போனில் எழுதத் தெரியாததால் எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவேன். முந்தைய வருடம் சபையில் கீபோர்டு வாசித்த சகோதரர் ஒருவரை, ஒரு சின்ன விஷயத்துக்காக, அவர் தாயையும் இழுத்து, எல்லோரும் கேட்கும்படி குழுவிலேயே திட்டி அனுப்பினேன். அதோடு அவர் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றைக்கும் ரோஸ்லின் அக்காவுக்கு அனுப்ப மைக் அடையாளத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக் கத்தினேன். "அறிவிருக்கா ஒனக்கு? அந்தப் புள்ளைங்களக் கொல்லப் பாக்குறியா?" இன்னும் எழுத முடியாதது எல்லாம்.

"ஐயோ, வெரல எடுத்துராதீங்க!" என்று என் மனைவி மேரி கத்தினாள். "அவங்க கோவிச்சுக்கிட்டு போன ஆஃப் பண்ணிட்டா, அந்த மெசேஜ யாரு அழிப்பா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அனுப்பியவர் மட்டும்தான் எல்லோருடைய போனிலிருந்தும் அதை அழிக்கலாம். அதுவும் கொஞ்ச நேரத்துக்குள். அந்த நாலு பேரின் உயிர் ரோஸ்லின் அக்காவின் விரலில் இருந்தது. என் விரலை எடுத்தால் திட்டு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எடுக்காமலே அழுதேன். "ஆண்டவரே, என் வாயைப் பிடிச்சுக்கோ" என்றேன். அந்த ஜெபமும் அதே பதிவில் விழுந்திருக்கும். பிறகு விரலை இடது பக்கமாக இழுத்தேன். போகாமலே எல்லாம் அழிந்தது.

ரோஸ்லின் அக்காவுக்குப் போன் எடுத்தேன். இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார்.

"அக்கா, ஜெபிச்சதுக்கு நன்றி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். "ஒரு ஒதவி. வீட்டு அடையாளம் வெளிய போயிருச்சுக்கா. அந்த மெசேஜ நீங்கதான் அழிக்கணும்."

"நான் நல்லதுக்குத்தானே போட்டேன் பிரதர்?"

"நல்லதுக்குத்தான்கா. ஸ்பீக்கர்ல போட்டுட்டு அந்த மெசேஜ அமுக்கிப் பிடிங்க. குப்பைத்தொட்டி மாதிரி ஒன்னு வரும், அதத் தொடுங்க."

"மூணு இங்கிலீஸ் வரி வருது. மொதல்ல உள்ளத அமுக்கவா?"

முதல் வரி அவர் போனில் மட்டும் அழிப்பது. அதை அமுக்கினால், மற்ற எல்லோரிடமும் அது அப்படியே நிற்கும். பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கத்தியிருந்தால் பதறி அதைத்தான் அமுக்கியிருப்பார்.

"வேணாங்க்கா. அவசரமில்ல. மூணுலயும் ரொம்ப நீளமா இருக்கிறது எது? அத மட்டும்."

என் போனில் அந்தப் பதிவு மறைந்தது. நிசாம் நானா சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார்.

பத்து நிமிடத்தில் இன்னொரு அழைப்பு. கீபோர்டு சகோதரர். என்மேல் பழி தீர்க்க அவருக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

"அண்ணே, அழியிறதுக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன். யாருக்கும் அனுப்பல. பயப்படாம இருங்க."

"தம்பி, போன வருசம் நான் பேசினது..."

"அது இன்னும் என் போன்ல இருக்குண்ணே" என்றார். வைத்துவிட்டார்.

நிசாம் நானா குடும்பம் ஐந்து நாள் எங்களோடு இருந்தது. கடையின் முன்பக்கத்தை உடைத்திருந்தார்கள். ஆனால் நாலு பேரும் உயிரோடு திரும்பிப் போனார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இப்போது நான் கோபத்தில் குரல் பதிவு அனுப்புவதில்லை. போன் எடுத்து முதலில் சுகம் விசாரிக்கிறேன்.

உங்களுக்கும் கோபம் வரும். வரட்டும், கோபப்பட நியாயம் இருக்கிறது. அந்த விரலை எடுப்பதற்கு முன் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். எனக்குப் பதில் சொன்னவர் உங்களுக்கும் சொல்வார்.

கடைசியாக ஒரு ஜெபக் குறிப்பு. நான் புண்படுத்திய ஒரு சகோதரர் இன்னும் சபைக்குத் திரும்பவில்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நான் பேசியது அவர் போனில் இன்னும் இருக்கிறது. அதை அழிக்கிற நேரம் எனக்குத் தப்பிவிட்டது. அவருக்காக ஜெபியுங்கள். பேரையும் ஊரையும் நான் எழுத மாட்டேன். ஆண்டவருக்குத் தெரியும்.