மியூசிக் போட்ட இடங்கள்

பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை அடுக்களையில், காது அடுத்த அறையில். அங்கே கணினி ஒரு கிட்டார் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. உரிக்கிற விரல்கள் தாளத்தோடு சேர்ந்துகொண்டால் அந்த இசை தள்ளுபடி. “கை ஆடுச்சுன்னா கண்ணு வீடியோவ விட்டுரும்,” என்பாள். விரல்கள் சேர்ந்துகொண்டன. கையைத் துடைத்துக்கொண்டு போய், அடுத்ததை ஓடவிட்டு வந்து உட்கார்ந்தாள். சமையலுக்கு வேண்டியதைவிட அந்த வீட்டில் பூண்டு எப்போதும் அதிகமாகவே உரிந்து கிடக்கும்.

இணையத்தில் வீடியோ போடுகிறவர்களுக்குப் பின்னணி இசை தேடிச் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். வாடிக்கையாளர்கள் வாயில் அவள் பெயர் மியூசிக்கக்கா. உடற்பயிற்சி மாஸ்டருக்கு அதிரடியாக வேண்டும். நாய்க்குப் பயிற்சி கொடுக்கிற பெண்மணிக்கு, நாய்க்கும் பிடித்ததாக வேண்டும். வீட்டுத் தரகருக்கு எதைக் கொடுத்தாலும் போதாது.

“அக்கா, வீடு கொஞ்சம் சின்னது. பெரிசாத் தெரியற மாதிரி ஒரு மியூசிக் போடுங்களேன்.”

“சுவத்தத் தள்ளி வைக்கிற மியூசிக் எங்கிட்ட இல்ல தம்பி. ஜன்னலத் தொறந்து வெச்சு இன்னொருக்கா எடுத்து அனுப்புங்க.”

நாளெல்லாம் ஹெட்போன் மாட்டி, உச்சந்தலையில் முடி பள்ளமாகப் படிந்துவிட்டது. கால் வீங்கினால் மேசைக்கடியில் ஒரு பெட்டியைப் போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வாள். தனக்காகப் பாட்டு கேட்பதை எப்போதோ விட்டாயிற்று. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனிலிருந்து அவள் சேர்த்த இசையே வந்தாலும் பெருமை கிடையாது. “சவுண்ட இன்னும் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்,” என்று அலுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள்.

காசு கொடுக்காத வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே உண்டு. அவள் கணவர். குழாயும் மோட்டாரும் பழுது பார்த்தே முழங்கால் தேய்ந்தவர். ஏணி ஏற முடியாமல் போனபின் அந்த வேலையை வீடியோவில் சொல்லிக் கொடுக்கிறார். தொடக்கத்தில் அவர் பேச்சில் ஊசி நுழைய இடமிருக்காது. “உங்கப்பா மூச்சு விட்டாத்தானடி நான் மியூசிக் போட முடியும்?” என்று வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் புலம்புவாள்.

பிறகு இடம் கிடைக்கத் தொடங்கியது. குழாய்க்குள் போடுகிற வாஷரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் பெயர் வருவதற்காகக் காத்திருப்பார். ஸ்பேனரை எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று அதையே பார்ப்பார். அப்புறம் போனைப் பிடித்து நிற்கும் அவளிடம், “அங்க கொஞ்சம் மியூசிக் போட்டுக்கம்மா,” என்பார். வெட்ட முடிந்த மௌனத்தை வெட்டுவாள். வெட்ட முடியாத இடத்தில் புல்லாங்குழலை ஏற்றிவிடுவாள். வெட்டியதை அழிக்கிற வழக்கம் இல்லை. வேண்டாமென்று நீக்கச் சொன்ன குளியலறைக் காட்சியை மறுவாரமே தரகர் திரும்பக் கேட்பார் என்பதால், எல்லாருடைய துண்டுகளும் பத்திரமாக இருக்கும்.

கணவரின் வீடியோவுக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதினார்கள்: ‘அவசரமே இல்லாமல் சொல்லித் தருகிறீர்கள் ஐயா.’

அவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று மகளிடம் சொல்லிப் பார்த்தாள். “அப்பாவுக்கா? நேத்துகூட வீடியோ பாத்தேனேம்மா. முன்னைக்கு இப்ப நிதானமா, அழகாப் பேசறாரு. நீதான் வேலை வேலைன்னு மண்டையக் கொழப்பிக்கற.” தன் காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டரிடமும் சொன்னாள். அவர் அந்த வீடியோக்களைப் பார்த்துத் தன் வீட்டுக் குழாயைச் சரிசெய்துகொண்டவர். “சாருக்கு என்னம்மா? நம்ம எல்லாரையும்விட ஷார்ப்பா இருக்காரு,” என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவள் வேலை அவ்வளவு சுத்தம்.

அன்று பூண்டு உரித்து முடிவதற்குள் கணவர் வந்து நின்றார். அடுக்களைக் குழாயையே கழற்றிக் காட்டி ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். அவள் போனைப் பிடித்தாள். எந்த வீடியோவானாலும் அவருடைய முதல் பேச்சு ஒன்றுதான். “முதல்ல மெயின் வால்வ மூடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.” அன்றைக்கும் சொன்னார். சொல்லிவிட்டு, மூடாமலே குழாயைக் கழற்றினார்.

தண்ணீர் அவர் முகத்தில் பாய்ந்தது. பூண்டெல்லாம் தரையில் மிதந்தது. அவள் ஓடிப்போய் வால்வை மூடிவிட்டு வந்தபோது, கையில் குழாயுடன் நின்ற இடத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். ஈரச் சட்டையைக் கழற்றினாள்.

“நான் மூடலையா?”

“இல்லங்க.”

“சொன்னேனே.”

“சொன்னீங்க.”

குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, “அங்க ஒரு மியூசிக் போட்டுரும்மா,” என்றார்.

வழக்கமாக அவள் “சரி” என்பாள். அன்று, “அடுத்த வீடியோ மோட்டார்னு சொன்னீங்க,” என்றாள். “அதுல வர்றது தண்ணி இல்லங்க. கரண்டு.”

அவர் குழாயை மேடைமேல் வைத்துவிட்டார்.

தரகர் அனுப்பிய வீட்டு வீடியோ அன்று இசையில்லாமல் அப்படியே கிடந்தது. தரையைத் துடைத்து, கணவருக்குச் சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்துவிட்டு, கணினி முன் உட்கார்ந்தாள். அவருடைய வீடியோக்களிலிருந்து வெட்டிவைத்த மௌனத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தாள். அழவில்லை. ஹெட்போனின் பஞ்சு நனைந்தால் காய நேரமாகும்.

மறுநாள் காலை அவரிடம் சொன்னாள். “டாக்டர்கிட்ட ஒரு வீடியோ காட்டணும். நீங்களும் வாங்க.”

“மியூசிக் போட்டுட்டியா?”

“இல்லங்க.”

 அவர் எழுந்து போய் நல்ல சட்டையாகப் பார்த்து எடுத்தார்.

டாக்டர் போனை மேசைமேல் சாய்த்து வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு மனிதர் வாஷரைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஸ்பேனரைப் பிடித்தபடி. பிறகு வேறொரு சட்டையில், வேறொரு குழாய்க்கு முன்னால், கையை நீட்டியபடி.

“சவுண்டு வரலையேம்மா?”

“வருது டாக்டர்,” என்று மேசைக்குக் குறுக்கே எட்டி, போனின் ஒலியைக் கடைசிவரைக்கும் ஏற்றினாள். ஒரு குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.