பச்சைத் தண்ணீர்ப் பணிப்பாளர்

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தொட்டி ஓரத்தில் பிடித்தபடி குனிகிறார் பேராசிரியர் றுமைஸா. தூசியைப் போன்ற நண்டுக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரண்டு வருகின்றன. "வாங்க புள்ளையள், வாங்க. எல்லாரும் இரிக்கீங்களா?" என்று விசாரித்த பிறகுதான் அவருக்கு நாள் தொடங்கும். வாவிக் கரையிலுள்ள பல்கலைக்கழக ஆய்வு நிலையத்துக்கு அவர் பணிப்பாளர். குஞ்சுகளைப் பார்த்தாயிற்று, இனிக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். அந்த நினைப்பிலேயே முகம் பாதியாகிவிடும்.

கோப்புகளில் வாவியைத் தவிர எல்லாம் இருக்கும். சாரதியின் லீவு, ஒழுகும் குழாய், ஆய்வுகூடத்துக்குள் புகுந்த மாட்டைப் பற்றிய முறைப்பாடு, முறைப்பாடு செய்தவரைப் பற்றி இன்னொரு முறைப்பாடு. எதைக் கொண்டுபோனாலும், "மறுகா பாப்பம், வெச்சிட்டுப் போங்க" என்பார். ஆனாலும் மாலைக்குள் எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்திருக்கும். இடையிடையே பேனையை முக்காட்டுக்குள் செருகிவிட்டு மேசை முழுக்கத் தேடுவார். அது எங்கே இருக்கிறதென்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பார்க்க நன்றாக இருக்கும்.

ஊழியர் கூட்டத்தை அவர் தொட்டி மண்டபத்தில் நின்றபடிதான் நடத்துவார். காற்றுப் பம்புகளின் இரைச்சலில் கத்தினால்தான் காதில் விழும். "கத்திக் கத்திப் பொய் சொல்ல ஏலா. நீட்டிப் பேசவும் ஏலா" என்பது அவர் சொல்லும் நியாயம். கூட்டம் நடக்கும்போதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் உண்மையான காரணமென்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குஞ்சுகளில்தான் அவருடைய உயிர் இருந்தது. பணிப்பாளரான பிறகு தனக்கென்று அவர் வைத்துக்கொண்ட ஒரே ஆய்வு அது. வாவி நண்டைத் தொட்டியில் பொரிக்க வைத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கொடுக்கு முளைக்கும் முன்னரே குஞ்சுகள் கூண்டோடு செத்துப்போகும். "கையெழுத்துப் போட்டாக் காணும் மெடம், நண்ட விடுங்க" என்று கூட வேலை செய்பவர்களே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இம்முறை குஞ்சுகள் முன்னெப்போதையும் விட அதிக நாள் தாக்குப்பிடித்திருந்தன. இன்னும் ஒருமுறை தோலுரித்தால் கொடுக்கு வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தானா மதிப்பீட்டுக் குழு வர வேண்டும்? முதல் நாள் றுமைஸா எல்லோரையும் கூட்டி, பம்புச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "நாளைக்கு ஆக்கள் வாறாங்க. ஒரு பொட்டுப் பாசி கண்ணுல படப்படா!" கூட்டம் முடிந்தது.

அவர் சொன்னது சுவர்ப் பாசியை. ஆய்வுகூட உதவியாளர் இளையதம்பியோ நூலகத்திலிருந்து போன கிழமைதான் மாறி வந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். சுவரையும் தரையையும் தேய்த்து முடித்தவர், மண்டபத்துக்குப் பின்னாலிருந்த பச்சைத் தண்ணீர்த் தொட்டியையும் விட்டுவைக்கவில்லை. காலையில் றுமைஸா வந்தபோது தொட்டி வெறுமையாகப் பளபளத்தது.

"எப்பிடி மெடம்? முகம் பாக்கலாம்!" என்றார் இளையதம்பி.

அந்தப் பச்சைத் தண்ணீரில்தான் பாசி வளர்கிறது. பாசியைத் தின்பது ஒரு நுண்பூச்சி, பூச்சியைத் தின்பவை நண்டுக் குஞ்சுகள். குஞ்சுகளின் சமையலறையையே மனிதர் கழுவி ஊற்றிவிட்டார். ஆய்வு மாணவி நிருஷா, குஞ்சுகளுக்கு இனித் தீனியே இல்லை என்று சொல்லிவிட்டு அழுதாள். இளையதம்பிக்கு முகம் வெளுத்தது. யார் மீது கோபப்படுவதென்று றுமைஸா யோசித்தபோது, நேற்றுக் கத்திய தன் குரல்தான் காதுக்குள் கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது.

"அழாத கா புள்ள. அண்ணன், நீங்களும் யோசிக்காதீங்க. வாளியெல்லாத்தையும் எடுங்க" என்றவர், இறால் பண்ணை வைத்திருக்கும் தன் பழைய மாணவன் ஹில்மியை அழைத்தார்.

"பச்சத் தண்ணி இரிக்கா மனெ? இப்பவே வேணும்."

"இரிக்கு மெடம். எவ்வளவு வேணும்?"

"உன்ட லொறி எவ்வளவு தாங்கும்?"

ஹில்மியின் லொறியும் குழுவின் வாகனமும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலுக்குள் நுழைந்தன. பூச்செண்டோடு நிற்க வேண்டிய பணிப்பாளர், புதுச்சேலையை இழுத்துச் செருகி, இரண்டு கையிலும் வாளியோடு எதிரே வந்தார். "வாங்க சேர், வாங்க! கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, வழி வேணும்!" கோட்டுப் போட்ட பெரியவர்கள் சுவரோரம் வரிசையாக ஒதுங்கி நின்றார்கள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது வாளிகளின் கதையைக் கேட்டுவிட்டு, குழு தொட்டி மண்டபத்துக்கு வந்தது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருந்த நிருஷா திடீரென்று துள்ளினாள்.

"மெடம், கொடுக்கு! கொடுக்கு வந்திட்டு!"

றுமைஸா பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பெருத்த மகிழ்ச்சியில் என்ன செய்வதென்று தெரியாமல், குழுத்தலைவரிலிருந்து லொறிச் சாரதி வரை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியாகப் பார்த்த இளையதம்பி, "இந்தப் பொட்டுக்கும் கடிக்கத் தெரியுமா மெடம்?" என்று கேட்க, பம்புச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழுந்தது.

சிரிப்பு அடங்கியதும் குழுத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் சரி. தீவனத் தொட்டியைக் கழுவச் சொன்ன அந்த அறிவாளி யார்?" என்று கத்திக் கேட்டார். இளையதம்பி தலையைக் குனிந்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

அதற்குள், விடை தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் கையைப் போல, முழங்கைவரை பச்சை படிந்த பணிப்பாளரின் கை எல்லோர் தலைக்கும் மேலாக உயர்ந்தது.