கணவர் போனுக்கு வந்த லிப்ஸ்டிக் மெசேஜ்

வேங்கிக்காலில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில்தான் மளிகை வாங்குகிறோம். பெண்கள் நம்பரை வெளியில் தரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் பில் போடும்போது கணவர் நம்பரையே கொடுப்பேன்.

ஒருநாள் அவர் போனில் அந்தக் கடையின் மெசேஜ்: ‘நீங்கள் ஆசையாகப் பார்த்த லிப்ஸ்டிக், இன்று சலுகை விலையில்!’ எனக்கு லிப்ஸ்டிக் போடும் பழக்கமே இல்லை. அவர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் சிவந்த உதடுகள்தான் கண்முன் வந்தன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

"ஏம்மா, நான் அந்தக் கடைப் படியே ஏறினதில்ல. போறதும் நீ, என் நம்பரைக் குடுக்கறதும் நீ. லிப்ஸ்டிக் பாக்கறது மட்டும் நானா?" என்று வாசலில் மறித்தார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு லிப்ஸ்டிக் அலமாரி முன் வெகுநேரம் நின்றவள் நான்தான். ஆனால் எதுவும் வாங்கவில்லையே?

கடையில் விசாரித்தேன். "மேல கேமரா இருக்குதுக்கா. யாரு எங்க ஜாஸ்தி நேரம் நிக்கறாங்கனு பாத்து, பில்லுல குடுக்கற நம்பரோட சேத்துடும்" என்றாள் பில் போடும் பெண்.

இப்போதெல்லாம் யார் நம்பரையும் கொடுப்பதில்லை. ஆனாலும் என் பொறாமை அவருக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் கேமராவுக்குத் தெரிந்துவிட்டதே, அதுதான் இன்னும் ஆறவில்லை.