உப்பக்காவும் அடம்புக்கொடியும்

செம்பருத்தி இலை ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் துப்புகிறாள். "விடிய விடிய கடல் காத்துதான் அடிச்சிருக்கு" என்று யாருக்கென்று இல்லாமல் சொல்கிறாள். இலை உப்புக் கரித்தால் அன்றைக்கு முதல் வேலை வேருக்குத் தண்ணீர் விடுவதல்ல, இலைகளைக் கழுவுவது. ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடி, வேலி நெடுகக் குளிப்பாட்டிக்கொண்டே போவாள். கடலை ஒட்டிய அந்த நான்கு மாடிக் குடியிருப்பின் தோட்டக்காரியாகப் பத்தொன்பது வருடமாக அவளுடைய காலை இப்படித்தான் விடிகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. காவலாளி முதல் மேல்மாடி டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் உப்பக்கா.

இடது முழங்கால் மடங்க மறுத்து வருடம் இரண்டாகிறது. அதனால் களை எடுக்க ஒரு பழைய பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். எழும்போதெல்லாம் வாளிக்கு நல்ல திட்டு விழும். பாவம், அது செய்த தப்பு ஒன்றுமில்லை. செடிகளோடு பேசுவாளா என்று ஒருமுறை டாக்டர் வீட்டம்மா ஆசையாகக் கேட்டார்கள். "அதுங்ககிட்ட என்னம்மா பேசறது? நானே யாரும் பேச்சுக் குடுக்காம இருந்தா போதும்னு இருக்கேன்" என்றாள். வெளியூரில் இருக்கும் மகள் தினமும் மத்தியானம் போன் செய்து, "போதும்மா, விட்டுட்டு வந்துடு" என்று கெஞ்சுவாள். "வரேன்டி, இந்தக் காத்து ஓயட்டும்" என்பாள் இவள். அந்தக் கரையில் காற்று எந்த வருடமும் முழுசாக ஓய்ந்ததில்லை. அது மகளுக்கும் தெரியும்.

அவள் செய்த குற்றம் ஒன்று உண்டு. யாரும் கேட்காமலே அவளே சொல்லிவிடுவாள். குடியிருப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல் சரிவு ஒன்று இருக்கிறது. ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலையோடு அடம்புக்கொடி அதில் கன்னாபின்னாவென்று படர்ந்து கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சுத்தம் என்றால் வெறும் தரை என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆறு நாள் குனிந்த தலை நிமிராமல் அத்தனையையும் வேரோடு பிடுங்கிக் குவித்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். அடுத்த காற்றுக்கே பிடிமானம் போன மணல் கிளம்பி வந்துவிட்டது. வேலியை மூடி, செம்பருத்தியைப் புதைத்து, தரைத்தள வீடுகளின் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கே தனியாக இருந்த தையல்காரம்மா கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியாக இறங்கி வந்தாள். "வேற யாரும் இல்ல, நான்தான். ஒருத்தரும் சொல்லல, நானா மெனக்கெட்டு, முதுகு ஒடியப் பிடுங்கினேன்" என்று சொல்லிவிட்டு உப்பக்கா தன் கைகளைப் பார்ப்பாள். அதற்கப்புறம் தொலைவில் இருந்த கரையிலிருந்து கொடியை அறுத்து, சாக்கில் சுமந்து வந்து, ஒவ்வொரு துண்டிலும் கணு மண்ணுக்குள் போகும்படி புதைத்தாள். சரிவு மறுபடி பச்சையாக ஐந்து வருடம் ஆனது.

இந்த மாதம் குடியிருப்புச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கத் தெரியாதவர். சரிவைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது.

"என்னக்கா இது, காடு மாதிரி கெடக்கு? இதை எடுத்துட்டுப் புல் போட்டுடலாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குள்ள பச்சைப்பசேல்னு ஆயிடணும்."

"பச்சையாத்தானே சார் இருக்கு."

"இது வேற பச்சைக்கா."

பழைய கதையை முழுக்கச் சொன்னாள். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அது அப்போ. இப்பதான் புல்லு வேர் பிடிச்சு நிக்கப்போகுதே" என்றார்.

"உப்புக்காத்துல அந்தப் புல்லு ஒரு மாசம் தாங்காது சார். அது கருகிட்டா மணல் நேரா கீழ்வீட்டுக்குத்தான் போகும். தையல்காரம்மா இப்போ குச்சி ஊனி நடக்கறாங்க. இந்தத் தடவ அவங்களால ஜன்னல் வழியா இறங்க முடியாது."

"பயப்படாதீங்கக்கா. உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க, மிஷின விட்டு ஒரே நாள்ல வேரோட வழிச்சுடலாம்."

வேரோடு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் தன் கைகளைப் பார்த்தாள். "மிஷின் வேணாம் சார். நானே அறுத்துடறேன்" என்றாள்.

சாயங்காலம் காவலாளி கேட்டுக்கு வெளியே வந்து வருத்தப்பட்டுக்கொண்டார். "என்னக்கா, பட்டுனு ஒத்துக்கிட்டீங்க?"

"சண்ட போடத் தெம்பு இல்லப்பா. அறுக்கறதுக்கு மட்டும் கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு போனாள்.

மூன்று நாள் வாளியை நகர்த்தி நகர்த்தி அரிவாளால் அறுத்தாள். ஊதாப் பூ பூத்திருந்த கொடிகளை அறுக்கும்போது அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அரிவாள் மணலுக்கு மேலே மட்டும் போனது, கீழே போகவில்லை. வேலையில் இவ்வளவு அரைகுறையாக அவள் இருந்து யாரும் பார்த்ததில்லை, இருந்தும் யாரும் கவனிக்கவில்லை. அறுத்ததையெல்லாம் சாக்கில் திணித்தாள். எருக்குழியில் போடவா என்று செயலாளர் கேட்டதற்கு, "மண்ணுக்குத்தான் சார்" என்றாள்.

சனிக்கிழமை லாரியில் புல் வந்தது, பாய் மாதிரி சுருட்டி. கூட வந்த இரண்டு ஆட்கள் மேட்டிலிருந்து விரிக்க ஆரம்பித்தார்கள். கடல் பக்கத்து வரிசைகளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு கையில் வாளியும் மறு கையில் சாக்குமாக அவள் கீழே இறங்கினாள். மேலேயிருந்து செயலாளர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். புல்வெளி அவர் நினைத்ததைவிட அழகாகவே வந்திருந்தது.

"அக்கா, அந்த ஓரம் தூக்கிட்டு நிக்குது பாருங்க. நல்லா அழுத்தி விடுங்க."

"சரி சார்" என்றாள். தூக்கிக்கொண்டிருந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் தூக்கி, சாக்கிலிருந்து முழ நீளக் கொடி ஒன்றை எடுத்து, கணுக்கள் மண்ணைப் பார்க்கும்படி அடியில் வைத்துப் புல்லை மூடினாள். பிறகு வாளியைப் பிடித்து எழுந்து, நல்ல காலின் குதிகாலைப் புல்லின்மேல் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.