அண்ணி ஏறினால் அணையும் விளக்கு

வேன் ஓட்டும் அவளுக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். வண்டியின் ஹாரன் கெட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாது, அவ்வளவு பெரிய தொண்டை. தையல் கம்பெனிப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, பொழுது சாய்ந்ததும் வீடு சேர்ப்பது அவள் பிழைப்பு. அந்தக் கூட்டத்தில் அவளுடைய சொந்த அண்ணியும் உண்டு. அண்ணி வாயைத் திறந்தால் வண்டி குலுங்கும். பள்ளத்தால் அல்ல, சிரிப்பால்.

அண்ணிக்கு முழங்கால் வலி. மற்றவர்களைப் போலப் பக்கக் கதவில் எக்கி ஏற முடியாது. படி வைத்த பின்கதவு வழியாக ஏறி, கடைசி இருக்கையில் உட்காருவாள். கதவைச் சாத்தியதும் உள்விளக்கு அணைந்துவிடும். இருட்டில் பையைத் துழாவுவாள். ஐயோ பாவம் என்று, ஒரு விடுமுறை நாளில் ஹாரனே உட்கார்ந்து, அண்ணியின் தலைக்கு மேல் விளக்குக்குத் தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தாள். யாரையும் தொடவிடவில்லை. என் வண்டிக்கு நான்தான் டாக்டர் என்பது அவள் கட்சி.

மறுநாள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி ஏறினாள். பாட்டும் போச்சு, விளக்கும் போச்சு. இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ். ஹாரன் புது ஃபியூஸ் போட்டாள். அண்ணி ஏறியதும் அதுவும் போச்சு.

"அக்கா கால் வெச்சாலே கரண்டு பயந்து ஓடுது!" என்றாள் பித்தான் தைப்பவள்.

"கரண்டுக்கு இருக்கிற பயம் உனக்கில்லையேடி!" என்று அண்ணியும் சிரித்தாள்.

ஆனால் கேலி அதோடு நிற்கவில்லை. 'ஃபியூஸக்கா' என்று பேர் வைத்தார்கள். ஒரு நாள் எவளோ ஒருத்தி வாயிலிருந்து 'ராசி' என்ற சொல்லும் விழுந்தது. அன்றோடு அண்ணி வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டாள். வலிக்கிற காலோடு நடந்தாள். ஹாரன் பக்கத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு கெஞ்சினாள்.

"ஏறு அண்ணி."

"நான் ஏறினா உன் பொழப்பு இருட்டாயிடும். போடி!"

அண்ணி ஏறாத நாளெல்லாம் ஃபியூஸ் கல்லுப் போல இருந்தது. அதுதான் ஹாரனைக் குடைந்தது. ராசியாவது மண்ணாவது என்று கறுவிக்கொண்டாள்.

பட்டறைக்காரர் சுலபமாக ஒரு வழி சொன்னார். "ஃபியூஸுக்குப் பதிலா செப்புக்கம்பியைச் சொருகிடும்மா. போகவே போகாது."

"ஃபியூஸ் போகாது, வண்டி போயிடும். திருடன் வர்றான்னு கத்துற காவல்காரன் வாயைப் பொத்தவா சொல்றீங்க?"

அவரிடம் ஒரு பல்பை மட்டும் வாங்கி வந்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் மாட்டினாள். கரண்டு ஒழுங்காகப் போனால் அது மங்கலாக மினுக்கும். தப்பு வழியில் பாய்ந்தால் பளீரென்று எரியும். முன்கதவைத் திறந்தாள், மினுக்கியது. பக்கக் கதவு, மினுக்கியது. பின்கதவைத் திறந்தாள், பளீர்!

அட, அண்ணி மட்டும் ஏறுகிற கதவு! கூரைத் துணியைப் பிரித்துப் பார்த்தாள். விளக்குக்குக் கரண்டு கொண்டுவரும் கம்பியும் சிவப்பு, பின்கதவுக்குப் போகும் கம்பியும் சிவப்பு. ஸ்விட்ச் வைத்த அன்று இரண்டையும் சேர்த்து முறுக்கியவள் அவளேதான். கதவு திறந்ததும் கரண்டு விளக்குக்குப் போகாமல் நேரே வண்டியின் இரும்பில் பாய்ந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு, தனியாகவே விழுந்து விழுந்து சிரித்தாள். முறுக்கைப் பிரித்து, சரியான கம்பியோடு சேர்த்து, டேப் சுற்றினாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் எல்லோரும் கேட்க அவள் குரல் முழங்கியது: "தப்பு ராசியில இல்ல, என் கையில! அண்ணி, நீ ஏறக்கூட வேணாம். கதவை மட்டும் தொற!"

அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கதவை இழுத்தாள். விளக்கு எரிந்தது, பாட்டு நிற்கவில்லை. சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள், திறந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

பித்தான் தைப்பவள் பக்கக் கதவில் கால் வைத்தாள்.

"ஏய், எறங்குடி! இன்னிக்கு எல்லாரும் என் கதவு வழியாத்தான் ஏறணும். ராசின்னு சொன்னவ கடைசியா வரட்டும்!" என்றாள் அண்ணி.

வரிசை நகர நகர, வண்டி கிளம்பும் முன்பே குலுங்க ஆரம்பித்தது.