பயணம் சொல்லாத வீடு

எங்கள் பகுதியில் ஒரு குடும்பம் மொத்தமாக வெளிநாடு புறப்பட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஒரு பெண் தனியாகப் போனால் அரபு நாட்டில் வீட்டு வேலை. ஓர் ஆண் தனியாகப் போனால் கட்டாரில் கட்டட வேலை. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு போகிறவர்கள் மட்டும், "சும்மா சுத்திப் பாக்கத்தான் போறம், பத்து நாளில வந்திருவம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சில மாதம் கழித்து அவர்களுடைய படம் ஏதாவது பனி கொட்டும் ஊரிலிருந்து வரும். நான் இந்தக் கிரான் ஊரில் பிறந்து இங்கேயே புவியியல் படிப்பிக்கிறவள். இவ்வளவும் தெரிந்திருந்தும், நாங்கள் உண்மையாகவே சுற்றிப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொன்னால் ஊர் நம்பிவிடும் என்று நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல.

மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு தொடங்கியது இந்த ஆசை. பினாங்கைத் தெரிவு செய்தவள் அவள்தான். அம்மன் கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில், தேவாலயம் எல்லாம் ஒரே தெருவில் இருக்கின்றன என்று கைபேசியில் படம் படமாகக் காட்டினாள். எனக்கும் அந்தப் பக்கத்துக் கடல்மேல் நெடுநாள் கண். மலாக்கா நீரிணையைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே தலை நரைத்தவள் நான். ஒரு தடவையாவது அதில் கால் நனைக்க வேண்டும் என்று இருந்தது.

என் கணவருக்குத்தான் விளங்கவில்லை. அவர் வாகரைக்காரர், கடலோடு பிறந்தவர். கல்யாணமானதும் எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்து, உழவு இயந்திரம் திருத்தும் பட்டறை போட்டுக்கொண்டு கிரானிலேயே தங்கிவிட்டார்.

"கடல் பாக்கிறதுக்கு ஏன் கடல் தாண்டிப் போற? கல்குடாவுக்குப் போனாக் கடல்தானே."

"அது வேற கடல், அப்பா" என்றாள் மகள்.

"அதுவும் உப்புத்தானே?"

அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கத் தன் நல்ல சட்டையைத் தானே தேடி எடுத்து அயர்ன் பண்ணினார். பின்னேரங்களில் மூன்று பேருமாக உட்கார்ந்து திட்டம் போட்டோம். எந்த நாள் மலைக்குப் போவது, எந்த நாள் கடற்கரை, எந்தக் கடையில் சாப்பிடுவது என்று மகள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். இவர் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: அங்கே சோறும் மீன்குழம்பும் கிடைக்குமா? தமிழ் ஆட்களின் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன என்று அவள் சொன்னதும், "பிறகென்ன, நமக்குத் தெரிஞ்ச இடம்தான்" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்த நாட்கள் எங்கள் வீட்டில் நல்ல நாட்கள்.

பிறகு பயணம் சொல்லப் போனோம். தூரப் பயணம் போகிறவர் உறவுக்காரர் வீடு, அயலவர் வீடு எல்லாவற்றுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும். சொல்லாமல் போனால் அந்த வீட்டாரை ஆளாக மதிக்கவில்லை என்று ஆகிவிடும். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் கல்முனைக்கும் கொழும்புக்கும் பயணம் சொன்னது வேறு, இது வேறு.

முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, உள்ளே போய், எப்போதோ அரிசி புடைக்க எங்களிடம் இரவல் வாங்கிய சுளகைத் துடைத்துக் கொண்டுவந்து கையில் தந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இது என்னத்துக்குக் கா இப்ப? வந்து வாங்கிறனே."

"இல்ல கா. வைச்சிருந்தா மனசுக்குச் சரியில்ல."

இன்னொரு வீட்டில் பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கடற்கரைப் பட்டினம் எண்டா நல்லதுதான். கப்பலுக்கு லேசு."

"என்ன கப்பல்?"

"சரி சரி, நான் ஒண்டும் கேக்கல்ல." அகதிக் கப்பல் ஏறத்தான் போகிறோம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

பாடசாலையில் தேசப்பட அலுமாரியின் சாவியை யாரிடம் ஒப்படைக்கப் போகிறேன் என்று கேட்டார்கள். ஓட்டமாவடியில் நான் வழக்கமாகத் துணி எடுக்கும் கடைக்குப் பயணப்பை வாங்கப் போனேன். முதலாளி பையைக் கட்டித் தந்துவிட்டு, எழும்பி நின்று சொன்னார்: "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை விட்டிருந்தாப் பொருந்திக்குங்க டீச்சர்." ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஊராரிடம் கேட்கும் மன்னிப்பை அவர் என்னிடம் கேட்டார். நான் பதறிப்போய், பத்து நாள் பயணம், திரும்பி வர டிக்கட்டும் எடுத்தாயிற்று என்றேன். அவர் அன்பாகச் சிரித்தார்.

"ரிட்டன் டிக்கட் இல்லாம ஏத்தமாட்டாங்கதானே டீச்சர். அல்லாஹ் லேசாக்கித் தருவான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் பொய்க்காரியாகப் பார்க்கிறார்களே என்ற வெட்கம். போகப்போக அது வேறு மாதிரி ஆனது. நான் பயணம் சொன்ன வீடுகளில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் வெளிநாட்டில் கிடந்து உழைக்கிறார். தாயின் முகத்தைக் கைபேசியில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்து, நாங்கள் கால் நனைக்கப் பினாங்கு போகிறோம் என்று சொல்ல வாய் கூசியது. ஊரை விட்டுப் போகிறவர்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும், அதுவாவது கொஞ்சம் மரியாதையாக இருந்தது. அதனால் மறுத்துச் சொல்வதைக் குறைத்தேன். "சுகமா இருங்க" என்றால் "நீங்களும்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

எல்லா வீட்டுக்கும் போனோம், ஒரு வீட்டைத் தவிர. வாகரையில் இருக்கும் என் மச்சாள் வீடு, அதாவது என் கணவரின் அக்கா வீடு. நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

மகள் பெரியபிள்ளையானபோது முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவர் அவர். தகப்பனின் கூடப்பிறந்த மாமி இருக்கும்போது வேறு கை அந்தக் குடத்தைத் தொடக்கூடாது. சுனாமி அவர்களுடைய தாயையும் தகப்பனையும் கொண்டுபோன பிறகு, அக்காவும் தம்பியும் மட்டும்தான் மிச்சம். தம்பியின் ஒரே மகளுக்கென்று மச்சாள் புதுப் பித்தளைக் குடம் வாங்கி வைத்திருந்தார். அன்றைக்கென்று அவர் வந்த பஸ் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று என் அம்மா அவசரப்பட்டார். என் கணவரின் சிற்றப்பா மகளைக் கூப்பிட்டு வார்க்க வைத்தார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மச்சாள் வாசல் படலையடிக்கு வந்தபோது பிள்ளையின் தலை ஈரமாக இருந்தது. ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த வழியே கிறுகிப் போய்விட்டார். அதன்பிறகு அவரும் வரவில்லை, நாங்களும் போகவில்லை.

"அவ வீட்டுக்கும் ஒருக்காப் போவமா?" என்று நான் இவரிடம் கேட்டேன்தான்.

"அங்க போய் என்னத்தச் சொல்ற?" என்றார் இவர்.

நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றுதான் இருந்தது.

புறப்படுவதற்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலை படலை திறக்கும் சத்தம் கேட்டுப் பார்த்தேன். மச்சாள் நின்றார். ஒரு கையில் சாக்கில் கட்டிய நண்டு. மறு கையில், பழைய சேலைத் துணி சுற்றிய குடம்.

மகள்தான் ஓடிப்போய்க் குடத்தை வாங்கினாள். பட்டறையிலிருந்து இவர் வந்தார். கையெல்லாம் கிறீஸ். அதைத் துடைக்கத் துணி தேடுகிறவர் போல அங்கும் இங்கும் பார்த்தார்.

"மெலிஞ்சுபோனாய் தம்பி" என்றார் மச்சாள்.

இவர் அவர் காலடியில் குந்தி இருந்துவிட்டார்.

"நீங்க பயணம் போறீங்களாம். மீன்காரர் சொன்னார். ஊரெல்லாம் கதையாக் கிடக்கு."

"பத்து நாள்தான் மச்சாள், சும்மா சுத்திப் பாக்க" என்றேன்.

"ஓம் ஓம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

மச்சாளும் நம்பவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. டிக்கட்டை எடுத்துக் காட்டலாம் என்று வாயெடுத்தேன். அப்போது இவருடைய முகத்தைப் பார்த்தேன். அக்காவின் சேலைத் தலைப்பைச் சின்னப்பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார். காட்டினால் இந்த மனுசி அவமானப்பட்டு மறுபடியும் கிறுகிப் போய்விடுவார் என்று பயந்தேன். ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டேன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"புள்ள பயணம் போறதுக்கு முதல் என்ட கையால ஒரு குடம் தண்ணி ஊத்தட்டா, மச்சாள்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

மகள் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்கு இழுத்தாள். "மாமிக்குச் சொல்லுங்க அம்மா. நாம திரும்பி வாறது அவக்கு விளங்கல்ல. பாவம்."

"வாய மூடிக்கொண்டு போய் உடுப்ப மாத்து."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இருக்கும் நேர்மை எனக்கு இல்லை என்று அந்தப் பார்வையில் இருந்தது. ஆனாலும் போய் உடுப்பை மாற்றிக்கொண்டு கிணற்றடியில் பலகையில் வந்து இருந்தாள்.

அழைப்பு இல்லை, மேளம் இல்லை, நல்ல நேரமும் யாரும் பார்க்கவில்லை. மச்சாள் தானே அறுகம்புல் தேடிப் பிடுங்கினார். பாலில் தோய்த்து மகளின் தலையில் வைத்தார். புதுக் குடம், ஒரு நாளும் தண்ணீர் காணாத குடம், துலக்காமல் கறுத்துக் கிடந்தது. அதைப் புளி போட்டுத் துலக்கிய பிறகுதான் கிணற்றில் அள்ளினார். குடம் நிறைய அள்ளி, மெல்ல, ஒரு சொட்டும் வெளியே போகாமல் வார்த்தார். மகள் குளிரில் நடுங்கியபடி அழுதாள். மச்சாளும் அழுதார். இவர் வாழைமரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுசியின் கண்ணீரை ஏமாற்றி வாங்குகிறோம் என்ற எண்ணத்தில் உடம்பெல்லாம் கூசியது. அடுத்த மாதம் நான் கிரான் சந்தையில் மரக்கறி வாங்கும்போது மச்சாள் எதிரே வந்தால் எந்த முகத்தோடு பார்ப்பேன் என்பதுதான் மனதில் ஓடியது.

நண்டுக்கறி மச்சாளே சமைத்தார். எங்கள் வீட்டில் இருந்து சோறு தின்றார். இரண்டாம் தரமும் போட்டுத் தின்றார். குடத்தைப் பிள்ளைக்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு எழும்பினார். பஸ்ஸுக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றேன். வழியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். திட்டினால் திட்டட்டும்.

பிரதான வீதிக்கு வந்துவிட்டோம். நான் இன்னும் தொடங்கவில்லை. வாகரை பஸ் தூரத்தில் தெரிந்தது.

"மச்சாள், அங்க நல்ல தைலம் விக்கிறாங்களாம்" என்றார். "வரக்குள்ள ஒரு போத்தல் கொண்டாங்க. முழங்கால் உளைஞ்சு ஏலாமக் கிடக்கு."

எனக்குக் காதில் விழுந்தது, தலையில் ஏற நேரம் பிடித்தது.

"வரக்குள்ளயா?"

"பத்து நாள்தானே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? மீன்காரர் சொல்லக்குள்ளயே சிரிச்சன். தோணியில கரை மறையிற தூரம் போனாலே அழுறவன் என்ட தம்பி. அவனா ஊர விட்டுப் போறவன்?"

"அப்ப ஏன் மச்சாள்..."

"வாறதுக்கு ஒரு சாட்டு வேணுமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார். "பயணம் சொல்ல நீங்க வருவீங்க எண்டு பின்னேரம் பின்னேரம் வாசலக் கூட்டிப் பாய் போட்டு வைச்சுப் பாத்தன். காணல்ல. மறுகா நானே வந்துட்டன்."

பஸ் வந்து நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். யன்னலால் தலையை நீட்டி, "வெயிலுக்க நிக்காம வீட்ட போங்க" என்றார். நான் நின்றேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அவரோ எங்களுக்காக நம்பாதவர் போல நடித்துவிட்டுப் போகிறார். வயதில் மூத்தவர், தவறே செய்யாதவர், இறங்கி வர ஒரு பொய்யைத் தேட வேண்டியிருந்தது. பயணம் சொல்லப் போக எங்களுக்குப் பொய் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. வெட்கத்தில் முகம் எரிந்தது.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரி படலையில் நின்றாள்.

"மச்சாள் பயணம் அனுப்பிப்போட்டுப் போறாவா? பாவம், இனி எந்தக் காலம் காணப்போறா."

"நாளைக்கு" என்றேன். "நாங்க இன்னும் பயணம் சொல்லி முடிக்கல்ல கா. ஒரு வீடு மிச்சம் இருக்கு."